இன்டர்வியூ அண்ணன்

கடலூரில் எந்தக் கம்பெனி 'மேனேஜ்மென்ட் ட்ரெய்னி' வேலைக்கு ஆள் எடுத்தாலும் அண்ணன் அங்கே இருப்பார். மஞ்சக்குப்பத்து லாட்ஜ் ஹாலாக இருக்கட்டும், திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்து மாடியாக இருக்கட்டும், நாம் வியர்த்து வழிந்துகொண்டு போய்ச் சேரும்போது அவர் ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்திருப்பார். எந்த ஹாலில் எந்த ஃபேன் சுற்றும் என்பது அவருக்கு அத்துப்படி. மடியில் ரெக்சின் ஃபைல். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் தொடங்கி, அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தொலைதூரக் கல்வி எம்.பி.ஏ. வரை எல்லாம் பிளாஸ்டிக் உறைக்குள் வரிசையாக இருக்கும். கடைசி உறையில் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. போட்டோவில் இருக்கும் பையனுக்கு முடி அதிகம்.

அவர் பெயர் என்னவென்று யாரும் கேட்டதில்லை. வந்தவர்கள் எல்லாரும் "அண்ணே" என்பார்கள். அவர் எல்லாரையும் "தம்பி" என்பார். அரை மணி நேரத்தில் அந்த ஹாலே அவருடைய வகுப்பறை ஆகிவிடும்.

"ஃபர்ஸ்ட் டைமா தம்பி? பயப்படாத. 'டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்'னு ஆரம்பிப்பாங்க. அப்பா பேரு, ஊரு பேருன்னு இழுக்காத, அதெல்லாம் ரேஷன் கார்டுலயே இருக்கு. வீக்னெஸ் என்னான்னு கேப்பாங்க. 'ஓவரா வேலை பாக்கறதுதான் சார் என் வீக்னெஸ்'னு மட்டும் சொல்லிடாத. காலையிலேர்ந்து அத்தனை பேரும் அதத்தான் சொல்லிட்டு வர்றானுங்க. உள்ள இருக்கறவரு பாவம்."

பையில் எப்போதும் ஒரு ஜிப் வைத்த டை இருக்கும். டை இல்லாமல் வந்த தம்பிகளுக்கு அதை மாட்டி, கழுத்துவரை இழுத்து விட்டு அனுப்புவார். அந்த டை பல பேருக்கு வேலை வாங்கிக் கொடுத்திருக்கிறது; அதன் சொந்தக்காரருக்குத்தான் எதுவும் நிலைக்கவில்லை.

சிதம்பரத்துப் பையன்கள் காலையில் நடராஜரைப் பார்த்துவிட்டு, நெற்றி நிறைய விபூதியோடு பஸ் ஏறியிருப்பார்கள். முட்லூர், புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் தாண்டி, சிப்காட் வந்துவிட்டது என்பதை மூக்கால் தெரிந்துகொண்டு, பாதி விபூதி வியர்வையில் கரைந்த பிறகு வந்து சேருவார்கள். மீதி விபூதியை அழிப்பதா, வைத்துக்கொள்வதா? இது பெரிய சிக்கல். அண்ணனிடம் தீர்வு உண்டு. "பொறுங்க. முதல்ல போனவன் வரட்டும். உள்ள இருக்கறவரு நெத்தியில என்ன இருக்குன்னு கேட்டுட்டு முடிவு பண்ணுவோம்."

வீட்டுப் பெரியவர்களின் கணக்கு வேறு. கல்லோடு கட்டிக் கடலில் போட்ட அப்பரே கரையேறிய ஊர் இது, பாடலீஸ்வரர் உன்னைக் கரையேற்ற மாட்டாரா என்று சொல்லி அனுப்புவார்கள். அண்ணன் ஒத்துக்கொள்வதில்லை. "அப்பருக்குக் குரூப் டிஸ்கஷன் கிடையாது தம்பி."

அது என்னவோ உண்மைதான். நீள மேஜையைச் சுற்றிப் பத்துப் பேரை உட்கார வைத்து 'சமூக ஊடகம் வரமா, சாபமா' என்று ஒரு தலைப்பைத் தூக்கிப் போடுவார்கள். அதுவரை பிஸ்கட்டைப் பங்கு போட்டுத் தின்ற நண்பர்கள் அந்த நொடியில் எதிரிகள். "குட் மார்னிங் ஃப்ரெண்ட்ஸ்" என்று நான்கு பேர் ஒரே நேரத்தில் தொடங்குவார்கள். ஒருவன் மட்டும் கடைசிவரை தலையை ஆட்டிக்கொண்டே இருப்பான், ஆட்டியதற்கும் மார்க் உண்டு என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அந்த யாரோ, அண்ணன்தான்.

ஆங்கிலம் என்றாலே இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தொண்டை வறண்டுவிடுகிறது. இத்தனைக்கும், வெள்ளைக்காரர்களே மெச்சிய ஆங்கிலப் பேச்சாளர் சீனிவாச சாஸ்திரி 1935-லிருந்து 1940 வரை துணைவேந்தராக இருந்தது இதே சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில்தான். அந்த நாவன்மை வளாகத்துக்குள்ளேயே எங்கோ தங்கிவிட்டது போலிருக்கிறது. பஸ் ஏறிக் கடலூருக்கு வரவில்லை.

அடுத்தது பிரபலமான கேள்வி: ஐந்து வருடத்தில் எங்கே இருப்பீர்கள்? இதற்கு அண்ணனிடம் இருக்கும் பதில் ராபர்ட் கிளைவ். "தம்பி, அவரும் ட்ரெய்னியா வந்தவருதான்" என்று ஆரம்பிப்பார். சரித்திரம் அவர் பக்கம்தான் இருக்கிறது. கிளைவ் 1744-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு 'ரைட்டர்' என்ற கடைநிலைக் குமாஸ்தாவாகத்தான் சென்னைக்கு வந்தார். வருடச் சம்பளம் 5 பவுண்டு. 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்ததும், மாறுவேடத்தில் தப்பித்து ஓடி வந்த இடம் நம் தேவனாம்பட்டினத்து செயின்ட் டேவிட் கோட்டை. 1756-ல் அதே கோட்டைக்குத் தலைவராக வந்து உட்கார்ந்தார். "பத்தே வருஷம்! எப்படி? கணக்கு எழுதறத விட்டுட்டு டிபார்ட்மென்ட் மாறினாரு, பட்டாளத்துக்கு" என்பார் அண்ணன். டார்கெட்டைக் கிளைவ் எப்படி முடித்தார் என்பது பிளாசியில் விசாரிக்க வேண்டிய விஷயம்.

இவ்வளவும் தெரிந்தவருக்கு ஏன் வேலை கிடைக்கவில்லை? கிடைக்காமல் இல்லை. பலமுறை கிடைத்தது, சேர்ந்தார், திரும்பி வந்தார். முதல் தடவை ஆர்டர் வந்தபோது அவருடைய அப்பா தெரு முழுக்க ஸ்வீட் கொடுத்தார். இந்த மாவட்டத்து அப்பாக்களுக்கு ட்ரெய்னி என்றால் நெய்வேலி என்.எல்.சி. ட்ரெய்னிதான்: குவார்ட்டர்ஸ், ஆஸ்பத்திரி, பென்ஷன். சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, மகனுக்கு நாற்காலியே கிடையாது என்று. "மொத நாளு நோட்டு ஒண்ணு குடுத்து, தெரிஞ்சவங்க, சொந்தக்காரங்க பேரு நூறு எழுதச் சொல்லுவான் தம்பி. மொத மாசம் அவங்க வீட்டுக்கெல்லாம் போய்ப் பாலிசி எடுக்கச் சொல்லணும். ரெண்டாவது மாசம் அந்த நூறு பேர்ல ஒருத்தரும் நம்ம போனை எடுக்க மாட்டாங்க." அத்தை மகள் கல்யாணத்துக்கே பத்திரிகை வரவில்லை என்று கேள்வி.

அண்ணனையே வாயடைக்க வைத்தவள் புவனகிரிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண். டை, விபூதி, கிளைவ் எதையும் அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உள்ளே போய் ஐந்து நிமிடத்தில் வெளியே வந்து ஃபைலைப் பையில் செருகினாள்.

"என்னம்மா கேட்டாங்க?"

"அவங்க கேக்கலண்ணே, நான்தான் கேட்டேன். ஆபீஸ் வேலையா வெளி வேலையான்னு. வெளி வேலைன்னாங்க. வண்டி குடுப்பீங்களான்னேன். சொந்த வண்டின்னாங்க. பெட்ரோலுக்குன்னேன். இன்சென்டிவ்ல பாத்துக்கலாம்னாங்க. அதான், பதினோரு மணி பஸ்ஸைப் புடிச்சிடலாம்னு."

அவள் போன பிறகு அண்ணன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. டையை மடித்துப் பையில் வைத்தார். "இந்தக் கேள்விய இவ்ளோ வருஷமா ஒருத்தனும் கேக்கலியேப்பா" என்றார். அடுத்த வாரம் விருத்தாசலத்தில் வேறொரு கம்பெனிக்கு ஆள் எடுக்கிறார்கள். அதற்கும் அவர் போகத்தான் போகிறார்.

ஆகவே கம்பெனிக்காரர்களே, ஒரு வேண்டுகோள். விளம்பரத்தில் 'துடிப்பான இளைஞர்கள் தேவை' என்று போடும் அதே எழுத்தளவில், 'சொந்த டூவீலர், சொந்தப் பெட்ரோல், சொந்தக்காரர்கள் நூறு பேர் தேவை' என்றும் போட்டுவிடுங்கள். சிதம்பரத்துப் பிள்ளைகளுக்குப் போக வர பஸ் காசாவது மிஞ்சும்.