வரிசை எங்கயோ அங்க பாயை விரி

கொழும்புக்குப் போறயாம், எங்க தங்கினா நல்லமெண்டு ஊரெல்லாம் கேட்டுத் திரியிறயாம். கடைசியிலயாவது கேக்க வேண்டிய ஆளைக் கேட்டிரிக்காய் மனே. இறக்காமத்துக் குளக்கட்டுல குந்திக்கிட்டுக் கொழும்பை விலை பேச என்னை விட்டா ஆரிரிக்கா? ஆனா ஒண்டு. நான் செல்றதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுட்டு, பொறகு போனுல நட்சத்திரம் எண்ணி, அந்த நட்சத்திரம் சொன்ன இடத்துக்கே போறதெண்டா இப்பயே எழும்பிப் போயிரு.

தலைநகருக்குப் போறன் எண்டு பெருமை பேசுறயே, தலைநகர் எது? கொழும்பெண்டு எழுதினா வாத்தியார் பிழை போடுவார். சட்டப்படி அது ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டை. காலிமுகத்திடல்ல கடலைப் பாத்துக்கிட்டிருந்த பாராளுமன்றத்தை 1982ல தியவன்னா ஓயாவுக்கு நடுவுல கொண்டுபோய் வெச்சாங்க. புதுக் கட்டிடத்தை வரைஞ்சவர் ஜெஃப்ரி பாவா. பாஸ்போட் கந்தோர் பத்தரமுல்லையில. புற்றுநோய் ஆஸ்பத்திரி மகரகமவுல. கண் ஆஸ்பத்திரி மருதானைப் பக்கம். கொழும்பெண்டு நாம செல்ற சாமான் ஒரு இடத்துல இல்ல மனே, நாலு பக்கமும் சிதறிக் கிடக்கி. அதனால எங்க தங்கிற எண்டு கேக்காத. நாளைக்கு விடிய எந்த வரிசையில நிக்கப் போறன் எண்டு கேளு. வரிசை எங்கயோ அங்க பாயை விரி. மிச்சமெல்லாம் பகிடி.

உன்ட மனசுல என்ன கிடக்கெண்டு எனக்குத் தெரியும். சன்னலைத் திறந்தா கடல் தெரியணும். ஏன், நிந்தவூருலயும் ஒலுவில்லயும் கடல் வத்திப் போச்சா? கிழக்கால கொஞ்சம் மோட்டார் சைக்கிளை விட்டா அல்லாட கடல் சும்மா கிடக்கி. வித்தியாசம் ஒண்டுதான்: நம்மட கடல்ல சூரியன் எழும்பி வேலைக்குப் போகுது, கொழும்புக் கடல்ல வேலை முடிச்சி விழுது. அதைப் பாக்க ஆசையெண்டா குத்தமில்ல. ஆனா கொழும்புக் கோட்டை ஸ்டேசன்லயிருந்து கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை, கல்கிசை எண்டு கரையோரமாப் போற ரயில் பாதை, கடலுக்கும் உன்ட கட்டிலுக்கும் நடுவாலதான் போகுது. விளம்பரப் படத்துல கடல் மட்டும் இரிக்கும், ரயிலைக் காட்ட மாட்டான். விடியப்புறம் அலை சத்தமெண்டு சந்தோசமா எழும்புவாய். அது முதல் ரயில்.

கடல் பாக்கக் காசி குடுக்காத. ஹென்றி வார்ட் எண்ட கவர்னர் 1859ல காலிமுகத்திடலை ஒழுங்கு பண்ணி முடிச்சிட்டு, கொழும்புப் பொம்பிளைகளுக்கும் புள்ளைகளுக்குமாக இதைப் பேணுங்க எண்டு பின்னால வாற கவர்னர்மாருக்குக் கல்லுல எழுதி வெச்சார். இறக்காமத்து இளந்தாரி எண்டு அதுல எழுதல்லத்தான். எண்டாலும் ஆரும் தடுக்க மாட்டான். அஸருக்குப் பொறகு போ, ஒரு இஸ்ஸோ வடையை வாங்கு, சூரியனை அனுப்பி வெச்சிட்டு வா. திடலுக்குத் தெற்குத் தலைப்புல 1864லயிருந்து நிக்கிற காலிமுக ஹோட்டல்ல படுத்திரிக்கிறவனும் அதே சூரியனைத்தான் பாக்கான். பில்தான் வேற.

பில்லையும் கேளு. பெரிய இடங்கள்ல விலைக்குப் பக்கத்துல ரெண்டு கூட்டல் குறி பொடியா நிக்கும். முதல் கூட்டல் பத்து வீதம் சேவைக் கட்டணம். ரெண்டாவது கூட்டல் வற் வரி, 2024 ஜனவரியிலயிருந்து 18 வீதம். அது சேவைக் கட்டணத்துக்கும் மேல ஏறிக் குந்தும். 10,000 ரூபா அறை 11,000 ஆகி, 12,980ல வந்து நிக்கும். கூட்டல் கணக்குச் சொல்லித் தந்த வாத்தியாருக்கு அண்டைக்குத்தான் நீ துஆக் கேப்பாய்.

போனுல இரிக்கிற நட்சத்திரத்துக்கு வாறன். ரஷ்யாக்கார எழுத்தாளர் செக்கோவ் 1890ல கொழும்புக்கு வந்து, துறைமுகத்துக்குப் பக்கத்துல கிராண்ட் ஓரியண்டல் ஹோட்டல்ல தங்கினவர். இது சொர்க்கம் எண்டு எழுதிட்டுப் போனார். எழுதாம என்ன செய்வார்? மனிசன் வந்தது சகாலின் தீவுல, கைதிகளைக் கொண்டுபோய்ப் போட்டிருந்த இடத்தைப் பாத்துட்டு. அங்கயிருந்து வந்தா வரிப்பத்தான்சேனைச் சந்தியும் சொர்க்கந்தான். நட்சத்திரம் போடுறவன் எங்கயிருந்து வந்தவன் எண்டு முதல்ல விசாரி, பொறகு அவன்ட நட்சத்திரத்தை எண்ணு.

நீ போறது ராத்திரி பஸ்ஸுல. புறக்கோட்டையில உன்னைத் தட்டி இறக்கக்குள்ள சுபஹு வாங்கும் சொல்லியிருக்காது. நீ பதிஞ்சு வெச்ச அறை பகல் ரெண்டு மணிக்குத்தான் திறக்கும், அதுதான் ஹோட்டல்காரன்ட வழமை. அதுமட்டும் பேக்கைக் கட்டிப் புடிச்சிக்கிட்டு எங்க நிப்பாய்? அந்த நேரம் பாத்து ஒருத்தன் வருவான். ‘தம்பி, ரூம் வேணுமா?’ எண்டு கேப்பான். உன்ட சொந்த மாமா கூட உன்னை அவ்வளவு பாசமாக் கூப்பிட்டிரிக்க மாட்டார். அந்தப் பாசத்துட தரகு உன்ட வாடகையில ஏறும். நீ பாட்டுக்கு ரெண்டாம் குறுக்குத் தெருவுக்கு நட. சிவப்பும் வெள்ளையுமா 1909ல கட்டி முடிச்ச சம்மாங்கோட்டுப் பள்ளி நிக்கும். உளுச் செய், சுபஹைத் தொழு. தொழுத கையோட அல்லாட ஊட்டுல குறட்டை விடாம எழும்பி, ஒரு பிளேன்டீ குடிச்சிட்டு, நல்லா வெளிச்சம் வந்த பொறகு அறை தேடு.

புறக்கோட்டை, மருதானைப் பக்கத்து லொட்ஜெல்லாம் ஒரே வார்ப்பு. கீழ கடை, மேல படி, படி முடியிற இடத்துல ஒரு மேசை. மேசையில நூல் கட்டின பேனை, கோடு போட்ட பெரிய கொப்பி. பேர், அடையாள அட்டை இலக்கம், ஊர், வந்த காரணம். இறக்காமம் எண்டு எழுதினா மேசைக்காரர் கண்ணாடியை ஏத்தி ‘அது எங்க?’ எண்டு கேப்பார். கல்முனைக்குப் பக்கம் எண்டு சொல்லிரு. தூரம் அளக்க அவர் வரப்போறதில்ல.

அந்தக் கொப்பியைக் கண்டு சிரிக்காத. அதுக்கு ஒரு பொல்லாத காலமும் இரிந்திச்சு. 2007 ஜூன் 7ஆம் திகதி, கொழும்பு லொட்ஜுகள்ல தங்கியிருந்த தமிழாக்கள் 376 பேரை, இஞ்ச இரிக்கச் சரியான காரணமில்ல எண்டு பஸ்ஸுல ஏத்தி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினாங்க. மருந்தெடுக்க வந்தவனும் அதுக்குள்ள, வெளிநாடு போக வந்தவனும் அதுக்குள்ள. அடுத்த நாள் உச்ச நீதிமன்றம் தடுத்திச்சு. ‘வந்த காரணம்’ எண்ட கட்டத்துல நீ பகிடிக்கும் ‘சும்மா’ எண்டு எழுதாத. அடையாள அட்டையைப் பேக்குட அடியில போடாத.

பொறகு அறையைக் காட்டச் சொல்லு. காட்டாமக் காசி கேட்டா வந்த படியால இறங்கு. உள்ளுக்குப் போனா, சந்தையில மாட்டுட பல்லைப் புடிச்சிப் பாக்கிற மாதிரிப் பாக்கணும். முதல்ல மூக்கு. தலகணியை மணந்து பாரு, முந்திப் படுத்தவன் தலைக்கு என்ன எண்ணெய் வெச்சான் எண்டு தெரிஞ்சா அந்த அறை வேணாம். பைப்பைத் திற. ‘மோட்டரைப் போட்டா வரும்’ எண்டான் எண்டா, நீ சோப்புப் போட்டு நிக்கக்குள்ளதான் அந்த மோட்டர் ஓயும். சன்னலைத் திற. கை நீட்டினா பக்கத்துக் கட்டிடத்துச் சுவர் முட்டுதெண்டா, சன்னலுக்கும் சேத்துக் காசி குடுக்காத. ஃபேனைப் போட்டு, சத்தத்துக்கு ஏத்த காத்து வருதா பாரு. கடைசியாக் கதவுக் கொளுக்கி. அது ஆடினா பேக்கை இறக்கவே வேணாம்.

வட்டையில வெயில்ல நிண்டு வேளாம வெட்டின பரம்பரைக்கு ஏசி எதுக்கெண்டு வாப்பா கேப்பார். கேக்கட்டும். நம்மட வெயில் மஃரிபோட போயிரும், கொழும்புப் புழுக்கம் ராத்திரியும் கட்டில்ல கூடவே படுக்கும். ஒரு நாளைக்கு ஏசி எடுத்தா குத்தமில்ல, விடிய வரிசையில நிண்டுக்கிட்டுத் தூங்க மாட்டாய். மாசத்தையும் பாத்துக்க. மே மாசத்துல நம்மட பக்கம் மண் வெடிச்சிக் கிடக்கக்குள்ள அங்க மழை கொட்டும். 2016 மேயில களனி கங்கை பெருகி கொலன்னாவைப் பக்கம் ஊடு ஊடா மூழ்கினது மறந்து போச்சா? மலிவெண்டு பள்ளத்துல அறை எடுக்காத.

லொட்ஜ் என்னத்துக்கு, சொந்தக்காரர் ஊட்டுல நில்லு எண்டு உம்மா செல்லுவா. மாளிகாவத்தைத் தொடர்மாடியில மூத்தம்மாட தங்கச்சிட மகள் இரிக்காவாம். வெறுங்கையோட போக ஏலுமா? முட்டி முட்டியா எருமைத் தயிர், புதுநெல்லரிசி ஒரு பேக், குளத்து மீன் கருவாடு, மேலால சுருட்டின ஒரு பன்பாய். தயிர் முட்டியை மடியில வெச்சிக்கிட்டு விடிய விடியக் கண் மூடாமப் போவாய். அங்க போனா ஒரு ஹோல், ஒரு அறை. நாடகம் முடியுமட்டும் டீவிக்கு முன்னால மரியாதையாச் சிரிச்சிக்கிட்டு இரிக்கணும், ஏனெண்டா நீ படுக்கிற இடத்துலதான் அவங்க குந்தியிருக்காங்க. விடியப்புறம் அந்த ஊட்டு மாப்பிள்ளை வேலைக்குப் போக உன்ட தலைமாட்டால கால் எடுத்து வெக்கணும். தயிரையும் அரிசியையும் விலை போட்டுக் கூட்டிப் பாரு, லொட்ஜுக் காசைத் தாண்டும். விருந்தும் மருந்தும் மூணு நாளைக்கு எண்டாங்க. தொடர்மாடியில அது ஒண்டரை நாள். நம்ம பக்கத்து ஆம்பிளை காலம் முழுக்க விருந்தாளியா இரிக்க அல்லாஹ் ஒரே ஒரு இடத்தைத்தான் தந்திரிக்கான், பொஞ்சாதிட ஊடு. அதுக்கும் வாடகை இல்லையெண்டு நினைக்காத. முடிச்சிப் பாரு, தெரியும்.

இன்னொரு இடமும் இரிக்கி. மாதிவெலயில எம்பிமாருக்கு அரசாங்க ஊடு. எலக்ஷனுக்குள்ள தோளுல கை போட்டு, ‘கொழும்புக்கு வந்தா நம்மட ஊட்டுலதான் நிக்கணும்’ எண்டு சொன்ன ஆக்கள் எல்லா ஊருலயும் உண்டு. நீ போய் இறங்கி எடுத்தா, தொடர்பு கொள்ள முடியாதெண்டு போன் மூணு பாசையிலயும் செல்லும். நாட்டுல மொழிச் சமத்துவம் இல்லையெண்டு ஆரு சொன்ன?

ஒரே ஒரு தரம் ஏழைக்கும் மாளிகையில இடம் கிடைச்சிச்சு. 2022 ஏப்ரல்லயிருந்து இளந்தாரிமார் காலிமுகத்திடல்ல, நட்சத்திர ஹோட்டல்களுக்கு முன்னால, கூடாரம் அடிச்சிக் கிடந்தாங்க. ஜூலை 9ஆம் திகதி சனம் ஜனாதிபதி மாளிகைக்குள்ள புகுந்து, நீச்சல் தடாகத்துல குளிச்சி, கட்டில்ல புரண்டு படமெடுத்திச்சு. பதிவுக் கொப்பியும் இல்ல, கூட்டல் குறியும் இல்ல. அதுக்கு ஊட்டுக்காரர் நாட்டை விட்டே ஓட வேண்டி வந்திச்சு. அப்புடிச் சலுகை வருசா வருசம் வராது மனே, நீ லொட்ஜையே பாரு.

இனிக் கணக்கைக் கேளு. ஆஸ்பத்திரிக்கு மகரகமவுக்கு ஆளைக் கூட்டிக்கிட்டுப் போறதெண்டா மகரகமவுலயே அறை எடு, நோயாளியைக் காலையில 138 பஸ்ஸுல இடிபட விடாத. கண்ணுக்கெண்டா மருதானை. கடைக்குச் சாமான் எடுக்கவெண்டா புறக்கோட்டை. பத்தரமுல்லையெண்டா அந்தப் பக்கமே ஒரு சின்ன அறை, இல்லாட்டிக் கொள்ளுப்பிட்டியில நிண்டு 177ஐப் புடி. கலியாணம், வெளிநாட்டுச் சொந்தம் எண்டா வெள்ளவத்தை. அங்க தமிழ்ல விலை கேக்கலாம், தமிழ்லயே கூட்டியும் சொல்லுவாங்க. கொழும்பு 7 கறுவாத்தோட்டம் எண்டு ஒண்டிரிக்கி. அது வெளியால நிண்டு பாத்துட்டு நடக்கிற இடம்.

எல்லாம் சரி, பாஸ்போட்டுக்குத்தான் போறாய் எண்டு உன்ட வாப்பா சொன்னார். 2023 ஜூன்லயிருந்து ஒன்லைன்ல விண்ணப்பிச்சி, அதுக்கெண்டு தெரிஞ்செடுத்த பிரதேச செயலகத்துல கைரேகை குடுத்தாக் காணும், புத்தகம் கூரியர்ல ஊட்டுக்கே வரும். கிட்ட எந்தச் செயலகம் எண்டு விசாரிச்சயா? இல்ல. விசாரிக்கவும் மாட்டாய். உனக்குப் பாஸ்போட் ஒரு சாட்டு. காலிமுகத்திடல், கொத்து ரொட்டி, தாமரைக் கோபுரம், அதுதான் வேலை. போ மனே, வயசுக்கு அது வேணும். ஆனா என்னட்டப் பொய் சொல்லி, பத்தரமுல்லையில அறை எடுத்து ஏமாந்து போகாத. ஊர் பாக்கப் போறவன்ட வரிசை இஸ்ஸோ வடைக்காரனுக்கு முன்னால. அப்ப வெள்ளவத்தையில, ரயில் சத்தத்தோட, ஃபேன் அறையா ஒண்டு எடு. வாப்பாக்கு மட்டும் பத்தரமுல்லை எண்டே செல்லு. நான் வாய் திறக்க மாட்டன்.

சும்மா திறக்காம இரிக்க மாட்டன் எண்டும் உனக்குத் தெரியும். வரக்குள்ள கெய்சர் வீதியில எனக்கொரு நல்ல கோட்டுச் சாரன் வாங்கிக்கிட்டு வா. காசியா? அந்த 2,980 ரூபாயை மிச்சம் புடிச்சித் தந்தது ஆரு?