ஓனர் கம் டிரைவர்

கொற்கைக்கு இப்போது கப்பல் வருவதில்லை. ஆறு மண்ணைக் கொண்டுவந்து கொட்டக் கொட்டக் கடல் கிழக்கே ஒதுங்கிப் போய்விட்டது. பாண்டியனின் முத்துத் துறைமுகம் இன்று குளத்துக்கும் வாழைத் தோட்டத்துக்கும் நடுவில் வெயில் காய்கிறது. துறைமுகம் முதலில் காயலுக்குக் குடிபெயர்ந்து, பிறகு தூத்துக்குடிக்குப் போனது. ஊர்க்காரர்கள் சும்மா இருப்பார்களா? பின்னாலேயே போனார்கள். அப்படிப் போனவர்களில் ஒரு ரகம்தான் நம் அண்ணாச்சி. பதினேழு வருடம் அடுத்தவர் டிரெய்லரில் கன்டெய்னர் இழுத்தவர். ஒருநாள் "இனிமே எவனுக்கும் ஓட்டமாட்டேன்" என்று சாவியை மேசைமேல் வைத்துவிட்டு வந்து, பழைய டிரெய்லர் ஒன்றை வாங்கித் தனக்கே ஓட்ட ஆரம்பித்தார்.

லாரி உலகத்தில் இந்த இனத்துக்கு 'ஓனர் கம் டிரைவர்' என்று பெயர். இரண்டு ஆள் வேலையை ஒரே ஆள் பார்க்கிறார் என்று அவசரப்பட்டுப் பாராட்டிவிடக் கூடாது. ஒரே ஆளுக்குள் இரண்டு பேர் குடியிருக்கிறார்கள். அவர்களுக்குள் பேச்சுவார்த்தை அவ்வளவு நன்றாக இல்லை.

அண்ணாச்சியின் அப்பா மேலப்பாளையம் சந்தையில் மாடு பிடித்தவர். பல்லைப் பார்ப்பார், சுழியைப் பார்ப்பார், துண்டுக்கு அடியில் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசுவார். மகன் பழைய வண்டிக்குப் பேர்போன சங்ககிரிக்குப் போனார். லாரிக்குப் பல் என்பது டயர். இருபத்திரண்டு டயரிலும் பட்டனுக்குள் நகத்தை விட்டு ஆழம் பார்க்க வேண்டும். இஞ்சினை ஓடவிட்டு ஆயில் மூடியைத் திறந்து புகை தள்ளுகிறதா என்று பார்க்க வேண்டும். கிங் பின் தேய்ந்திருக்கிறதா, பட்டை எங்காவது விரிசல் விட்டிருக்கிறதா, சேஸிஸில் வெல்டிங் வைத்த இடத்தில் புது பெயின்ட் பூசியிருக்கிறதா என்று கீழே படுத்துத் தேட வேண்டும். இதெல்லாம் அண்ணாச்சிக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் பாடம் தெரிந்தவர் டிரைவர். அன்றைக்குச் சங்ககிரிக்குப் போனவர் ஓனர். ஓனர் வண்டி எண்ணைக் கூட்டிப் பார்த்தார். எட்டு வரவில்லை. அத்தோடு பரிசோதனை முடிந்தது.

"சிங்கிள் ஓனர் வண்டிங்கண்ணா, தமிழ்நாட்டு எல்லையத் தாண்டுனதே இல்லீங்க" என்றார் புரோக்கர். ஊருக்கு வந்து சீட்டைத் தூக்கிப் பெருக்கும்போது மும்பை நவசேவா துறைமுகத்து எடைச்சீட்டு நாலு கிடைத்தது. தொலைத்தவன் திரும்பி வந்து கேட்பான் என்பது போல அண்ணாச்சி அவற்றை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார்.

இதில் அவரை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்த மண்ணுக்கே பழைய வியாதி அது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கடற்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, காயலில் வந்து இறங்கிய அரபுக் குதிரைகளைப் பற்றி எழுதியிருக்கிறார். இங்குள்ள அரசன் ஆண்டுக்கு 2,000 குதிரைக்கு மேல் வாங்குவானாம். ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சாதாம். பராமரிக்கத் தெரிந்த ஆள் இல்லை. போதாக்குறைக்கு, விற்க வரும் வணிகர்கள் குதிரை வைத்தியன் எவனையும் இந்தப் பக்கம் அண்டவிடுவதில்லையாம். செத்தால்தானே அடுத்த வருடமும் வியாபாரம்! சங்ககிரி புரோக்கர் மெக்கானிக்கைக் கூட்டிவர வேண்டாம் என்று தடுக்கவில்லை. "நீங்களே பெரிய மெக்கானிக்தானுங்களேண்ணா" என்று மட்டும் சொன்னார். எழுநூறு வருடத்தில் நாகரிகம் வளர்ந்திருக்கிறது.

பணம் புரட்டிய கதை தனி. 1906-இல் வ.உ.சி. கப்பல் கம்பெனி தொடங்கியபோது, பங்கு ஒன்று 25 ரூபாய் என்று ஊர் ஊராக விற்றார். அண்ணாச்சிக்கு அமைந்த பங்குதாரர்கள் மூன்றே பேர்: மச்சினன், சீட்டு நடத்துகிறவர், மனைவியின் கழுத்து. மீதி பைனான்ஸ். முன்கண்ணாடியில் 'தாய் தந்தை ஆசி' என்று எழுதியிருக்கிறது; ஆர்.சி. புத்தகத்தில் பைனான்ஸ் கம்பெனியின் பெயர் எழுதியிருக்கிறது. டியூ தேதியன்று எந்த ஆசி செல்லும் என்பது அவருக்குத் தெரியும்.

வண்டியை ஊருக்குக் கொண்டுவந்த நாள்தான் நாள். நாற்பதடி டிரெய்லர் முனை திரும்பாது என்று உள்ளே இருந்த டிரைவர் சொன்னார். அம்மா வீட்டு வாசலில் நின்று பார்க்க வேண்டும் என்று ஓனர் பிடிவாதம் பிடித்தார். திரும்பவில்லை. ஒரு மணி நேரம் ஏரல் பஸ் நின்றது. அம்மா நடந்து முனைக்கு வந்தார்.

"எய்யா, இதுக்கு எத்தன சக்கரம்?"

"இருபத்திரண்டும்மா."

"எல்லாத்துக்கும் ஒரு எலுமிச்சம்பழம் வைக்கணும்லா?"

டிரைவருக்குச் சம்மதம். ஓனர் அன்றைய எலுமிச்சை விலையை விசாரித்துவிட்டு, முன்சக்கரம் இரண்டுக்கு வைத்தால் சாமி ஏற்றுக்கொள்ளும் என்றார். மூன்றாம் நாள் பின்னால் ஒரு டயர் வெடித்தது. "சொன்னேன்லா" என்றார் டிரைவர். கேபினில் வேறு யாரும் இல்லை.

அதிலிருந்து சந்தேகம் தொற்றிக்கொண்டது. டீசல் டாங்கில் குச்சி விட்டு அளப்பது முதலாளிமார் வழக்கம். டிரைவர் வழியில் டீசல் இறக்கி விற்றுவிட்டானா என்று பார்ப்பதற்கு. அண்ணாச்சி இப்போதும் போகும்போது ஒருதரம், வந்து ஒருதரம் குச்சி விடுகிறார். லோடு வண்டி லிட்டருக்கு மூன்று கிலோமீட்டர் கொடுத்தால் பாக்கியம். கணக்கு இடிக்கும் நாட்களில் கண்ணாடியில் தன் முகத்தை ஒரு மாதிரி பார்க்கிறார்.

2018-இல் மத்திய அரசு டிரெய்லர்களின் மொத்த எடை வரம்பை 49 டன்னிலிருந்து 55 டன்னாக உயர்த்தியபோது, புதுக்கோட்டை டீக்கடையில் நின்று கொதித்தவர் இவர்தான். பிரேக் தாங்குமா, பட்டை தாங்குமா, டிரைவர் உசிரு மயிருக்குச் சமானமா என்று கேட்டார். போன மாதம் எடைமேடையில் முள் வரம்பைத் தாண்டியபோது, "ரெண்டு டன்னுக்கெல்லாமா பாக்கது?" என்று சொன்னவரும் இவர்தான். பிறகு வல்லநாடு தாண்டும்வரை இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

எட்டு வருடம் தாண்டிய வண்டி என்பதால் ஆண்டுதோறும் எஃப்.சி. காட்ட வேண்டும். அதற்கு முந்தின வாரம் வீடே கல்யாண வீடு மாதிரி இருக்கும். சேஸிஸ் எண்மேல் தாளை வைத்து மகள் பென்சிலால் தேய்த்து எடுப்பாள். மனைவி பெயின்ட் செலவு எழுதுவார். செலவு நோட்டு அவர் பொறுப்பு. அவரை யாரும் ஏமாற்ற முடியாது.

"டீ, பதினாலுன்னு எழுதியிருக்கீய. ஒரு டிரிப்புக்குப் பதினாலு டீயா? யாரு குடிச்சா?"

"டிரைவரு."

"ஓனரு எத்தன குடிச்சாரு?"

"அவன் எங்கட்டி குடிக்கான்? கணக்குப் பார்த்துட்டுல்லா வாரான்."

சென்ற வாரம் எட்டயபுரம் விலக்கில் வண்டியை ஓரங்கட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து டிரெய்லர் பையன் பேச்சுக் கொடுத்தான். தூத்துக்குடியில் நல்ல முதலாளியாகப் பார்த்து மாறலாம் என்று நினைப்பாம்.

"ஒங்க ஓனரு எப்படிண்ணே?"

அண்ணாச்சி கையைக் கழுவிவிட்டு வந்து நிதானமாக யோசித்தார்.

"ஆளு நல்லவன்தான் மக்கா. பேட்டாதான் மூணு மாசமா நிக்கி."