மார்பில் ஒரு நேத்திரம்

மார்கழி விடியற்காலையில் ஸ்நானத்தை முடித்து, திருநீறு துலங்க மாடவீதி பஜனை கோஷ்டியோடு சேர்ந்துகொள்வது மயிலாப்பூர்வாசிகளின் தொன்றுதொட்ட சம்பிரதாயம். ஆனால் சமீப காலமாக அதே வேளையில், மார்பையும் முதுகையும் வார்ப்பட்டைகளால் இறுக்கிக்கொண்டு, நடுமார்பில் உள்ளங்கைக்குள் அடங்கும் காமிரா ஒன்றைப் பிரதிஷ்டை செய்துகொண்டு, நேப்பியர் பாலத்தை நோக்கிப் பிரயாணப்படும் நூதன வர்க்கம் ஒன்று கிளம்பியிருக்கிறது.

சென்னை ரன்னர்ஸ் அமைப்பார் ஜனவரியில் நடத்தும் மாரதானில் இவ்வர்க்கத்தார் ஒருவரைப் பிரத்தியட்சமாகத் தரிசிக்கலாம். 42.195 கிலோமீட்டர் ஓடுகிற சூரர்கள் கைக்குட்டையைக்கூடப் பாரமென்று விட்டுவிட்டு வர, பத்தே கிலோமீட்டர் ஓட வந்த நம்மவர் 150 கிராம் யந்திரத்தைப் பெருமிதத்தோடு சுமக்கிறார். நிக் வுட்மன் என்ற அமெரிக்கர் 2002-இல் கோப்ரோ கம்பெனியை ஆரம்பித்தது, அலைச்சறுக்கு வீரர்கள் தங்கள் சாகசத்தைத் தாங்களே படம் பிடித்துக்கொள்வதற்காக. நடுக்கடலுக்குப் போட்டோகிராபரை அழைத்துப் போவது சிரமந்தான். காமராஜர் சாலையில் அந்தச் சிரமம் ஏது? வழிநெடுக நிற்கும் போட்டோகிராபர்கள் எல்லோரையும் எடுத்துத் தள்ளுகிறார்கள். பிறகு மார்பில் குத்திய எண்ணைக் கொண்டு, இன்ன படம் இன்னாருடையதென்று பிரிக்கிறார்கள். நம்மவருடைய எண்ணைக் காமிரா மறைத்துக்கொண்டிருப்பதால், அத்தனை படங்களிலும் அவர் அநாமதேயர்.

ஓட்டம் முடிந்த அன்று மாலை தியாகராய நகரிலிருந்து மைத்துனன் குடும்பத்தை வரவழைத்து, போண்டா காபி சகிதம் மார்புக் காமிரா பிடித்த படம் திரையிடப்பட்டது. ஆரம்பத்தில் வெகுநேரம் வெண்மையைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. இரவெல்லாம் ஏ.சி. அறையில் சார்ஜில் கிடந்த யந்திரம் கடற்கரைப் புழுக்கத்தைக் கண்டதும் கண்ணாடியில் நீர் பூத்துவிட்டது. "மார்கழிப் பனி!" என்று வியாக்கியானம் செய்தார் நம்மவர். பனி விலகியதும் அந்நியர்களின் முதுகுகளும், இடமும் வலமுமாக மாறி மாறி எட்டிப்பார்த்து மறையும் அவருடைய இரண்டு முஷ்டிகளும் தரிசனம் தந்தன. அகன்ற பார்வை கொண்ட அந்த லென்ஸின் மகிமையால் மெரினா கலங்கரை விளக்கம் தூரத்தில் ஊதுபத்தி போல நின்றது. ராய் சௌத்ரி வடித்த உழைப்பாளர் சிலையில், பாறையோடு மல்லுக்கட்டும் அந்த நால்வரும் திரையை விட்டு அகல எடுத்துக்கொண்ட நேரத்திலிருந்து, நம்மவருடைய வேகம் சபையோருக்கு ஒருவாறு விளங்கியது.

சப்தம் மட்டும் அப்பழுக்கில்லாமல் பதிவாகியிருந்தது. மார்புக்கும் மைக்குக்கும் அவ்வளவு சமீபம். மூச்சிரைப்பைச் சிறிது நேரம் கேட்டிருந்த மாமியார், "மாப்பிள்ளைக்கு வீசிங் எப்போலேருந்துடீ?" என்று மகளிடம் ரகசியமாக விசாரித்தார்.

மகளுக்கோ வேறு விசாரம். "எல்லாரும் வரா. நீங்க எங்கேன்னா?"

"அதோ, விளக்குக் கம்பத்தடியில் நீளமா ஒரு நிழல் போறதே, அது நான்தான்!"

நிழலோடு திருப்தியடைகிறவரா நம்மவர்? மைத்துனனைத் தனியே பால்கனிக்கு அழைத்துப்போய்த் தோளில் கை போட்டார். "அடுத்த வருஷம் நீயும் வரே. காமிரா உன் மார்பில்தான்."

"எனக்கு ஓட்டமே வராதே, அத்திம்பேர்!"

"யார்டா உன்னை ஓடச் சொன்னா? என்னைப் பார்த்தாப்பல பின்பக்கமாவே நடந்து வந்தாப் போதும்!"