ஸ்டீயரிங் இறுகினால் பர்ஸ் இளகும்

ஸ்டீயரிங் இறுகுது என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்லிப் பாருங்கள். பானெட்டைத் திறக்கும் முன்பே தீர்ப்பு வந்துவிடும்: "ரேக் போச்சு சார், அசெம்பிளியோட மாத்திடலாம்." முன் டயரில் காற்று இருக்கிறதா என்று பார்க்க யாருக்கும் தோன்றாது, அதில் என்ன லாபம்? பெல்ட் தளர்ந்தாலும் ஸ்டீயரிங் கனக்கும் என்பது ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் பையனுக்குக்கூடத் தெரியும். முதலாளி முன்னால் அவன் வாய் திறப்பானா!

ஸ்டீயரிங் தண்டுக்கும் ரேக்குக்கும் நடுவே யுனிவர்சல் ஜாயிண்ட் என்று ஒரு பொடியன் இருக்கிறான். மழைத் தண்ணீரில் துருப்பிடித்தால் முரண்டு பிடிப்பான். முன்பக்கத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி, எஞ்சினை அணைத்து, ஸ்டீயரிங் லாக்கை எடுத்துவிட்டு மெதுவாகத் திருப்புங்கள். ஒரே சுற்றில் 2 இடத்தில் இறுகி, 2 இடத்தில் இளகினால் முதல் சந்தேகம் அவன் மேல்தான். ரேக் பாவம், நிரபராதியாகவே இருக்கலாம். ஆனால் நிரபராதியை மாற்றினால்தானே பில் நீளும்?

இன்னொன்று. முழு எலெக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங்குக்கு ஆயிலே கிடையாது. அந்த வண்டிக்கான பில்லில் 'பவர் ஸ்டீயரிங் ஆயில்' என்று ஒரு வரி இருந்தால், எந்த ஓட்டை வழியாக ஊற்றினீர்கள் என்று மரியாதையாகவே கேளுங்கள்.