கையெழுத்தின் தீயணைப்பு ஆற்றல்: ஒரு பணிவான விண்ணப்பம்

எரிபொருள் நிறுவனத்தின் பாதுகாப்புப் பயிற்சிப் பிரிவைச் சேர்ந்த பெருமதிப்பிற்குரிய அலுவலர்களின் மேலான பார்வைக்கு, கோலார் தங்கவயலின் பெட்ரோல் பங்குகளிலும் அவற்றை ஒட்டிய சிறுகடைகளிலும் வேலை செய்வோர் சார்பில் சமர்ப்பிக்கப்படுவது:

இவ்வூரின் ராபர்ட்சன்பேட்டையில் அண்மையில் தங்கள் பிரிவு நடத்திய மூன்று மணி நேரப் பயிற்சி, ஒரு லாரிக்கு டீசல் நிரம்பி முடியும் முன்பே நிறைவெய்தியது. ஊழியர் அனைவரும் பதிவேட்டில் கையெழுத்திட்டனர். தீயணைப்பு உருளை ஒன்று கைமாறிக் கைமாறிப் படம் எடுக்கப்பட்டது. பின்னர் அது கடையின் கண்ணாடி அலமாரிக்குள் வைத்துப் பூட்டப்பட்டு, சாவி மேலாளரின் சட்டைப் பைக்குச் சென்றது. கல்லாவில் நிற்கும் பெண் ஒருவர் அவ்வுருளையின் பின்னை எந்தப் பக்கம் இழுக்க வேண்டும் என்று கேட்டபோது, பொருள் வாங்க நின்றவர்களின் காதில் விழும்படியாக, "உனக்கு எதுக்கும்மா அதெல்லாம், கையெழுத்தப் போட்டுட்டு வேலையப் பாரு" என்று விடை தரப்பட்டது. நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பெண் தீயணைப்பில் தேர்ச்சி பெற்றவர் என்று சான்றிதழ் கூறுகிறது.

கையெழுத்தே தலைசிறந்த தீயணைப்பான் என்னும் தங்கள் கண்டுபிடிப்பை உலகம் இன்னும் உரியவாறு போற்றவில்லை. உலர் வேதித் தூள், அதாவது எரிதலின் வேதித் தொடர்வினையை இடையில் அறுத்துத் தீயை அடக்கும் பொடி, உருளையில் அழுத்தத்துடன் அடைக்கப்பட வேண்டும், அழுத்தமானியின் முள் பச்சையில் நிற்கிறதா என்று பார்க்கப்பட வேண்டும், காலம் தவறாமல் மாற்றப்பட வேண்டும். கையெழுத்துக்கோ நீலமையில் ஒரு துளி போதும். பெட்ரோலின் தீப்பற்று வெப்பநிலை, அதாவது அதன் ஆவி ஒரு பொறிபட்டாலே பற்றிக்கொள்ளும் மிகக் குறைந்த வெப்பநிலை, ஏறத்தாழ மைனஸ் 40 டிகிரி செல்சியஸ் என்பதால், தங்கவயலின் எந்த மார்கழியிலும் அது எரியத் தயாராகவே இருக்கிறது. அவ்வாவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானதாகையால் மேலெழுந்து கலைந்துவிடாமல் தரையோடு தரையாக ஊர்ந்து, சாக்கடையிலும் பள்ளத்திலும் தேங்கி, குளிர்பானப் பெட்டியும் காபி இயந்திரமும் ஓடுகின்ற கடையின் வாசலை அடையக்கூடும். ஆயினும் அங்கே பதிவேடு திறந்திருப்பதைக் கண்டு அது திரும்பிச் சென்றுவிடும் என்று தங்கள் பிரிவு நம்புவதாகத் தெரிகிறது. பெட்ரோலில் நூற்றுக்கு ஒரு பங்குவரை இருக்க அனுமதிக்கப்பட்ட பென்சீன், மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதி என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்திய பொருள். நாள் முழுவதும் நாசிலைப் பிடித்து நிற்பவர் அதையும் கையெழுத்தால் வடிகட்டியே சுவாசிக்கிறார் போலும்.

இப்பயிற்சி எவ்வூரில் நடந்தது என்பதும் கருதத்தக்கது. மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்திற்குச் சுரங்கம் இறங்கிய ஊர் இது. மேலிருக்கும் பாறையின் சுமை தாளாமல் சுரங்கச் சுவர் திடீரெனச் சிதறுவதாகிய பாறை வெடிப்பு இங்கே வீட்டுப் பேச்சாக இருந்தது. தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனமும் 1988-இல் இங்குதான் தொடங்கப்பட்டது. பயிற்சி பெறாதவரைச் சுரங்கத்தில் வேலைக்கு இறக்கக்கூடாது என்று 1966-ஆம் ஆண்டின் சுரங்கத் தொழிற்பயிற்சி விதிகள் கூறின. வெடிமருந்து வைப்பவருக்குத் தனிச் சான்றிதழ் தேவைப்பட்டது. அவ்விதிகள் எல்லாரையும் காப்பாற்றிவிடவில்லை. சிலிக்காத் தூசு நுரையீரலை அரித்ததால் மாண்டவர்களின் குடும்பங்கள், சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புகளான சாம்பியன் ரீஃப் லைன் வீடுகளில் இன்றும் இருக்கின்றன. ஆனால், கையெழுத்து கூரையைத் தாங்கும் என்று அங்கே எவரும் சொன்னதில்லை. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டபின், அக்குடும்பங்களின் பிள்ளைகளில் பலர் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்குப் போகிறார்கள். சிலர் பங்கில் நிற்கிறார்கள். வெடிமருந்தைக் கையாண்டவரின் பேத்தியிடம்தான் "உனக்கு எதுக்கும்மா" என்று கேட்கப்பட்டது.

இரவுக் காவல் பற்றிய பாடமும் பாராட்டுக்குரியதே. அமெரிக்காவின் தொழிற் பாதுகாப்பு அமைப்பு, இரவில் திறந்திருக்கும் கடைகளுக்கென 1998-இல் வெளியிட்ட பரிந்துரைகளில், கல்லாவில் பணத்தைக் குறைவாக வைத்தல், ஊழியராலும் திறக்க இயலாத பெட்டகத்தில் மீதியைப் போடுதல், வெளியிலிருந்து கடை தெரியும்படி கண்ணாடியை மறைக்காதிருத்தல் முதலியவற்றை விரித்துரைத்தது. தங்கள் பயிற்சி இவை அனைத்தையும் ஒரே வரியில் சுருக்கியது: கல்லாவில் குறைந்தால் சம்பளத்தில் பிடித்தம். கத்தியோடு வருபவனிடம் பணத்தைக் கொடுத்து உயிரைக் காத்துக்கொள் என்று சொல்ல வேண்டியவர்கள், பணத்தைக் காத்து உயிரைக் கொடு என்று சொல்லியிருக்கிறார்கள். ஊழியரின் கவனக்குறைவே இழப்புக்கு நேரடிக் காரணம் என்றாலன்றி, அதுவும் அவரிடம் விளக்கம் கேட்ட பின்னரன்றி, பிடித்தம் செய்யக்கூடாது என்று 1936-ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டமே அன்று வரையறுத்திருந்த நிலையில், கொள்ளை போன பணத்தை மாதச் சம்பளத்தில் பிடிப்பது இன்னொரு கொள்ளை. அதைப் பாதுகாப்புப் பாடம் என்று அழைப்பது வெட்கக்கேடு.

கடுமை மிகுந்துவிட்டது, தங்கள் பெருந்தன்மை பொறுத்தருளும். கொள்ளையன் வரும்போது அவனிடமும் பதிவேட்டை நீட்டிக் கையெழுத்து வாங்கிவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்பது ஊழியர்களுக்கு உடனே தோன்றாமல் போனது அவர்களின் குறையே.

எனினும், கையெழுத்தின் ஆற்றலில் இன்னும் முழு நம்பிக்கை வராத சிலர் பொருட்டு, அடுத்த பயிற்சியில் ஒவ்வோர் ஊழியரும் ஓர் உருளையின் பின்னைத் தம் கையால் இழுத்து, திறந்த வெளியில் மூட்டிய தீயின் அடிப்பாகத்தை நோக்கித் தூளைப் பீய்ச்சிப் பழக இடமளிக்க வேண்டும். டேங்கர் லாரி எரிபொருள் இறக்கும்போது நிலைமின்சாரத்தை மண்ணுக்குக் கடத்தும் எர்த் ஒயரை எங்கே மாட்டுவது என்று தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் காட்ட வேண்டும். கல்லாப் பிடித்தத்தை நிறுத்த வேண்டும். இவற்றுக்கு நாள் பிடிக்குமென்றால், அலமாரியின் சாவியை மட்டுமாவது இன்றிரவு முதல் கல்லாவில் நிற்கும் பெண்ணிடம் கொடுத்துவிடுமாறு வேண்டப்படுகிறது.