பாட்டியும் மின்கிட்டாரும்

கேள்வி: எழுபதைத் தாண்டிய பாடகர்கள் புது ஆல்பம் போடுவது எதற்கு? பழைய பாட்டையே பாடிக்கொண்டு போகலாமே?

பதில்: அமெரிக்கக் கன்ட்ரி பாடகி லொரெட்டா லின்னிடம் இதைக் கேட்டிருந்தால் ஒரு பாட்டு எழுதியே உங்களை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பார்! கென்டக்கி நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகள். 2004இல் அவருடைய 'வான் லியர் ரோஸ்' ஆல்பம் வந்தபோது அவருக்கு வயது 72. தயாரிப்பாளர் ஜாக் வைட்டுக்கு 28, பேரன் வயது. ராக் இசைக்காரரான அந்தப் பேரன், பாட்டிக்குப் பட்டுக் குஞ்சம் கட்டிப் பார்க்கவில்லை, மின்கிட்டாரை அலறவிட்டார். பாட்டி அதற்கும் மேலே பாடினார்.

பாடல்களை எழுதியவரும் அவரே. சுரங்க ஊரே வியந்த அம்மாவின் அழகு ஒரு பாட்டு. கணவனை வளைத்தவள் வீட்டு வாசலில் பிள்ளைகளோடு போய் நிற்கும் மனைவி இன்னொன்று. எனக்கு நெஞ்சில் தைத்தது, கணவர் போனபின் 'திருமதி' என்ற சொல்லுக்கு ஏங்கும் பாட்டு. 1996இல் கணவரை இழந்தவர் அவர். இருபது வயதுக் குரலுக்கு அந்தப் பாட்டு எப்படி வாய்க்கும்? குரலில் சுருக்கம் விழுந்தால் விழட்டும், உண்மை விழாமல் இருந்தால் போதும்.

அந்த ஆல்பத்துக்கு இரண்டு கிராமி விருதுகள் கிடைத்தன.