பிணத்துக்கும் ரீமேக்

கேள்வி: பழைய ஜாம்பி படங்களை ஏன் விடாமல் ரீமேக் செய்கிறார்கள்? செஞ்சிக் கோட்டையில் ஒன்று எடுக்கலாமா? (வாசகர், செஞ்சி)

பதில்: ஜார்ஜ் ரொமேரோவின் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' (1968) படத்துக்குத் தலைப்பை மாற்றியபோது பதிப்புரிமைக் குறிப்பு விடுபட்டுப்போனது, படம் பொதுச்சொத்தானது. கேட்க ஆளில்லாத சொத்தை யார்தான் விடுவார்கள்? 1990 ரீமேக்குக்கு ரொமேரோவே திரைக்கதை எழுதினார். அவருடைய 'டான் ஆஃப் தி டெட்'டில் (1978) தள்ளாடி நடந்த பிணங்கள், ஸாக் ஸ்னைடரின் 2004 ரீமேக்கில் தலைதெறிக்க ஓடின. பயம் கூடியது, கிண்டல் குறைந்தது. தமிழுக்கு ஜாம்பி வந்தது 'மிருதன்' (2016) படத்தில்தான். செஞ்சியில் எடுத்தால் படம் நீளும்: ராஜகிரி உச்சிக்கு முன் பாறைப் பிளவு, அதன்மேல் சிறு பாலம். பாலத்தை எடுத்துவிட்டால் ஓடுகிற ஜாம்பியும் பள்ளத்தில்தான். உயிருள்ள முகலாயப் படைக்கே இந்தக் கோட்டையைப் பிடிக்க 1690இலிருந்து 1698வரை ஆனது.